பக்கத்து வீட்டுப் பைகளிலிருந்து ஓர் ஒட்டுத்துணி விரிப்பு: பிரித்தது முதல் ஓரம் கட்டியது வரை

ஒரு குடியிருப்பில் தையல் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி பரவிவிட்டால், பழந்துணிகள் தாமாகவே அவருடைய வாசலைத் தேடி வரத் தொடங்கும். நான் கேட்டு வாங்கியவை குறைவு. கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனவையும், 'உங்களுக்குப் பயன்படுமே' என்று கையில் திணிக்கப்பட்டவையுமே அதிகம். அவற்றில் பாதிக்குமேல் குப்பைக்குப் போக வேண்டியவையாக இருக்கும் என்பதும், பையின் அடியில் ஜிப் போன கால்சட்டை ஒன்று 'நேரம் இருக்கும்போது பார்த்துக் கொடுங்கள்' என்ற சீட்டோடு கிடக்கும் என்பதும் எனக்குப் பழகிவிட்டன. இம்முறை அந்தப் பைகளில் வந்தவற்றையும், முந்தைய வேலைகளில் மிஞ்சிய புதுத்துணி வெட்டுகளையும் கொண்டு, ஒருவர் போர்த்திக்கொள்ளும் அளவில் ஒரு குயில்ட் தைத்தேன்; அதாவது துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் விரிப்பு. ஐந்து அங்குலச் சதுரங்கள், அகலத்தில் 12, நீளத்தில் 14, ஆக 168. நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விட்டால் ஒவ்வொரு சதுரமும் 4½ அங்குலமாக நிற்கும். அந்தக் கணக்கில் மேல்துணி 54-க்கு 63 அங்குலம் வரவேண்டும்.

இந்த வேலையில் தைப்பதைவிடப் பிரிப்பதற்கே கூடுதல் பொறுமை தேவைப்படுகிறது. துணிகளை நிறவாரியாக அடுக்குவதுதான் பெரும்பாலானோர் வழக்கம். அலமாரியில் பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த நீல அடுக்கில் ஒரு பருத்திச் சட்டையும், ஒரு பாலியெஸ்டர் திரைச்சீலையும், ஒரு பனியன் துணியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவை மூன்றும் தண்ணீருக்கும் இஸ்திரிச் சூட்டுக்கும் மூன்று விதமாக நடந்துகொள்பவை. ஒரே விரிப்பில் சேர்த்துத் தைத்துத் துவைத்தால், பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது, இரண்டும் சேர்கிற தையலில் துணி கொப்பளம் கொப்பளமாக எழும். ஆகையால் நான் முதலில் இழையைப் பார்க்கிறேன், பிறகு கனத்தை, பிறகு சாயத்தை, பிறகு வெளிர்ப்பு அடர்வை. நிறம் கடைசியாக வருகிறது.

சட்டைகளின் கழுத்துப்பட்டையில் பெரும்பாலும் இழை விவரம் இருக்கும். பட்டை வெட்டப்பட்டவற்றுக்கும் துண்டுத்துணிகளுக்கும் எரிசோதனைதான் வழி. துணியை அப்படியே எரிக்கக் கூடாது; ஓரத்திலிருந்து இரண்டங்குல நீளத்தில் சில நூல்களை உருவி, முறுக்கி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர் வைத்த கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சியின் சுடருக்கு அருகே கொண்டுபோக வேண்டும். பருத்தி நூல் உடனே பற்றிக்கொள்ளும், சுடரை விலக்கிய பின்னும் எரியும், அணைந்ததும் நுனியில் ஒரு கணம் கனல் ஊர்ந்து போகும். காகிதம் எரிந்த வாடை வரும், மிஞ்சுவது விரல் பட்டாலே உதிர்கிற சாம்பல். பாலியெஸ்டர் நூல் சுடர் தொடுமுன்பே சுருண்டு பின்வாங்கும், உருகும், ஆறிய பிறகு நுனியில் நகத்தால் நசுக்க முடியாத கறுத்த மணி ஒன்று நிற்கும். கம்பளியும் பட்டும் முடி கருகிய வாடை தரும், அவற்றின் கரி நசுக்கினால் நொறுங்கிவிடும். கலப்புத் துணியில் இரண்டு குணங்களும் தெரியும்: சாம்பலும் விழும், அதற்குள் விரலில் நெருடும் கடினத் துணுக்குகளும் இருக்கும். பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியே எரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சில துணிகளில் நெடுக்கே ஓர் இழையும் குறுக்கே வேறோர் இழையும் ஓடும்.

இந்தச் சோதனையில் பிடிபடாமல் தப்புவது ரேயான். அதுவும் மரக்கூழிலிருந்து வருவதால் பருத்தியைப் போலவே எரியும். அதற்குத் தண்ணீர்தான் சாட்சி: ஒரு நூலை நடுவில் மட்டும் நனைத்து இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், ரேயான் நனைந்த இடத்திலேயே சுலபமாக அறுந்துவிடும், பருத்தி நனைந்தபோது முன்னிலும் உறுதியாக நிற்கும். பூப்போட்ட, கையில் வழுக்கி விழுகிற மேல்சட்டைத் துணிகள் பல இந்தச் சோதனையில்தான் அகப்பட்டன. விரிப்பு நனைந்து கனத்திருக்கும்போது தூக்கிப் பிழியவேண்டிய பொருள் என்பதால், அவற்றை ஒதுக்கினேன்.

நான்கைந்து நூல் எரிந்த புகைக்கே எதிர்வீட்டுக் கதவு திறந்தது; 'என்னங்க, ஏதோ கருகுகிற வாடை வருகிறதே?' என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். மாலைதோறும் சருகையும் அதோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பைகளையும் என் சன்னலுக்குக் கீழே கொளுத்துகிறவரும் அவரே. நான் நூலைக் காட்டி விளக்கினேன். அவர் பார்த்துக் கேட்டுக்கொண்டார். மாலையில் வழக்கம்போல் கொளுத்தினார். காய்ந்த பருத்தி புகையை நன்றாக உள்வாங்கிக்கொள்ளும், ஒரு துவைப்பில் அந்த வாடை போவதில்லை. ஆகவே கொடித்துணிகளை வெயில் சாய்வதற்குள் எடுத்து மடித்து, மூடியுள்ள பெட்டியில் வைத்துவிடுவது என் அன்றாட ஒழுங்குகளில் ஒன்றாகிவிட்டது.

கனம் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சட்டைத்துணியைக் கையில் மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் போதும். மாதிரியைவிடத் தெளிவாகத் தடித்தவை ஒரு பக்கம், மெலிந்தவை மறுபக்கம். ஜீன்ஸ் துணியைச் சட்டைத்துணியோடு தைத்தால், தையல் பிரிவதில்லை. தையலை ஒட்டிய மெல்லிய துணி கிழிகிறது. டெனிம் விரிப்புக்கே ஆகாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் பெண்கள் தேய்ந்துபோன டெனிம் கால்சட்டைகளையும் வயல்வேலை உடைகளையும் வெட்டித் தைத்த விரிப்புகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. முழங்கால் தேய்மானம்கூட அவற்றில் ஒரு வடிவமாகவே நிற்கிறது. தடித்தது தடித்ததோடு சேரவேண்டும் என்பதே நான் சொல்வது. என் டெனிம் அடுக்கு அப்படியொரு தனி வேலைக்காகக் காத்திருக்கிறது. மெலிந்தவற்றைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். நூல்கள் விலகி ஒளி புள்ளி புள்ளியாக ஊடுருவும் இடங்கள் ஓரிரு துவைப்புக்குமேல் தாங்குவதில்லை. சட்டைகளில் முழங்கைப் பகுதியும் கழுத்தை ஒட்டிய பகுதியும் பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்.

துவைப்பதில் ஒரு சமமின்மை உண்டு. பழைய உடைகள் பலமுறை தண்ணீர் கண்டு, சுருங்கவேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தவை. புதுத்துணி வெட்டுகளோ முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கக்கூடும். ஒன்றாகத் தைக்கப் போவதால் புதியவற்றை முன்பே துவைத்தாக வேண்டும். சிறு வெட்டுகளின் நான்கு மூலைகளையும் சிறிது சாய்வாக நறுக்கிவிட்டு, வலைப்பைக்குள் போட்டுத் துவைத்தால் நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வது பெரிதும் குறைகிறது.

சாயம் போகுமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்றின்மேல்தான். துண்டை வெந்நீரில் நனைத்து, இரண்டு வெள்ளைப் பருத்தித் துணிகளுக்கு நடுவே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்லாதவர் இல்லை. சாயத்தொட்டியில் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்கு உப்பு உதவுவது உண்மை. ஆனால் ஒட்டாமல் மிஞ்சி நிற்கும் சாயத்தைப் பிறகு உப்பு ஒட்டவைக்காது, வினிகரும் பருத்தியில் அந்த வேலையைச் செய்யாது. மிஞ்சிய சாயம் வெளியே போய்த்தான் ஆகவேண்டும்: துணி தாங்கும் சூட்டில் வெந்நீரும் சோப்பும், தண்ணீர் தெளியும்வரை அலசுதலும். ஒரு சிவப்புத் துண்டு எத்தனை அலசியும் தண்ணீரைச் செந்நிறமாக்கிக்கொண்டே இருந்தது. அதை விரிப்பில் சேர்க்காமல் மேசை துடைக்க வைத்துக்கொண்டேன்.

பொதுக்கொடியில் காயப்போடுவது தனி வேதனை. மேல்வீட்டார் தரை துடைத்த ஈரத்துடைப்பத்தைப் பிழியாமல் கம்பியில் தொங்கவிடுவார். அது நேராக என் வெள்ளைத் துணிகளின்மேல் சொட்டும். சொல்லிப் பார்த்ததில் துடைப்பம் ஒரு முழம் நகர்ந்தது, சொட்டு அடுத்த துணிக்கு மாறியது. இப்போது வெளிர்நிறத் துணிகளை வீட்டுக்குள்ளும் அடர்நிறத் துணிகளை வெளியிலும் காயப்போடுகிறேன். வெளியே போடுபவற்றை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போடுவது வெயிலில் நிறம் மங்காமல் இருக்கவும் உதவுகிறது.

வெட்டுவதையும் பிரிப்பதையும் இரவுக்கு வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அவற்றுக்கு ஓசை இல்லை. ஒரு சட்டையைப் பிரிக்கும்போது தையலைப் பிரித்துக்கொண்டிருப்பது வீண். தையலை ஒட்டியே கத்தரித்து எறிந்துவிட்டால் முதுகுப்பகுதி ஒரே பெரிய துண்டாகக் கிடைக்கும், கைகள் இரண்டும் அடுத்த அளவில் கிடைக்கும். பாவு நூலோட்டத்தில் துணியை இழுத்தால் ஏறக்குறைய நெகிழ்வே இருக்காது, ஊடையின் திசையில் சிறிது இருக்கும், சாய்வாக இழுத்தால் மிகுதியாக இருக்கும். சதுரத்தின் ஓரங்கள் நூலோட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். சாய்ந்து வெட்டிய சதுரம் தையல் இயந்திரத்தின் பற்களில் இழுபட்டு நீண்டுவிடும். கோடுபோட்ட சட்டைகளில் கோடே வழிகாட்டுகிறது. மற்றவற்றை ஒரு முறை இஸ்திரி போட்டு, ஒரு நூலை உருவி, அது விட்டுப்போன தடத்தின்மேல் அளவுகோலை வைத்து ரோட்டரி கட்டரால், அதாவது உருட்டி வெட்டும் வட்டக்கத்தியால், வெட்டினேன். கட்டரின் தட்டு மழுங்கினால் ஒவ்வொரு வெட்டிலும் ஒரே இடத்தில் சில நூல்கள் அறுபடாமல் நிற்கும். அது தென்பட்டவுடன் மாற்றிவிடவேண்டும், அழுத்தி ஓட்டினால் கீழே இருக்கும் மேட் பாழாகிறது.

வெளிர், இடை, அடர் என்று மூன்றாகப் பிரிக்கும் கட்டத்தில்தான் விரிப்பின் தோற்றம் முடிவாகிறது. மஞ்சளும் நீலமும் தொலைவில் வேறுவேறாகத்தான் தெரியும் என்று நாம் நினைப்போம். ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால், அறையின் மறுகோடியிலிருந்து பார்க்கும்போது அவற்றின் எல்லை கலைந்துவிடுகிறது, வடிவம் எழுவதில்லை. சதுரங்களைத் தரையில் பரப்பிக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தால் இது உடனே புரியும். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கும் பழைய முறையும் உண்டு; ஆனால் அதில் சிவப்புத் துணிகள் மட்டும் உள்ளதைவிட வெளிறித் தெரியும் என்பதால் நான் படத்தையே நம்புகிறேன். இடை என்று எடுத்துவைத்தவற்றுக்கு நிலையான இடம் இல்லை: ஒரு சாம்பல்நிறக் கட்டத்துணி கருநீலத்தின் பக்கத்தில் வெளிராகவும் வெள்ளைப் பூத்துணியின் பக்கத்தில் அடராகவும் நின்றது. வெளிரும் அடரும் சாய்வாகப் படியிறங்கும் வரிசைகளாக அடுக்க எண்ணியிருந்ததால், இந்த ஊசலாடும் துணிகளை இரண்டின் எல்லையில் வைத்தேன். அங்கே அவை நன்றாக அமைந்தன. விதிவிலக்காக ஒரே ஒரு மிளகாய்ச்சிவப்புத் துணியின் சதுரங்களை ஒழுங்கைப் பாராமல் ஆங்காங்கே போட்டேன். காரணம், எனக்குப் பிடித்திருந்தது.

தைப்பதற்கு முன் கால் அங்குலம் உண்மையிலேயே கால் அங்குலமா என்று பார்த்துக்கொண்டேன். 1½ அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போட்டால் நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் இருக்கவேண்டும். இரண்டு துண்டிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகத் தையலுக்குள் போனால், அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு வரிசையில் உள்ள 11 தையல்களில் அது 1⅜ அங்குலமாகச் சேர்ந்துவிடும். ஊசித்தட்டில் சரியான இடத்தில் ஒரு காகித ஒட்டுநாடாவை ஒட்டிக்கொண்டு, துணியை அதன் ஓரத்தோடு ஓட்டினேன். 80/12 ஊசி, 50 எண் பருத்தி நூல், தையல் நீளம் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இயந்திர ஓசை கீழ்வீட்டின் பழைய புகார். காற்றில் வரும் ஒலியைவிட, மேசைக் கால்கள் வழியாகத் தரையில் இறங்கும் அதிர்வே அவர்களை எட்டுகிறது என்பதால், மேசையைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி, நான்கு கால்களுக்கும் தடித்த ரப்பர் துண்டுகளும் இயந்திரத்துக்கு அடியில் ஒரு கம்பளி மடிப்பும் வைத்தேன். ஓசை எனக்கே குறைந்து கேட்டது. சில நாட்கள் கழித்துப் படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு அம்மா, 'நேற்றிலிருந்து சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே, டொக் டொக் என்று?' என்றார். குறை சொல்லும் குரல்தான். ஆனால் அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஊசி மழுங்கத் தொடங்கினால் துணியைத் துளைக்கும்போது இப்படித்தான் குத்தும் ஓசை வரும். ஊசியை மாற்றினேன், அடிநூல் இருக்கும் பாபின் கூட்டைக் கழற்றி, பற்களுக்கிடையே நமுத்து இறுகியிருந்த பஞ்சைத் தூரிகையால் எடுத்தேன், கொக்கி சுழலும் தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். எண்ணெய் விடக்கூடாத இயந்திரங்களும் உண்டு என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். டொக் டொக் நின்றது. எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுவான கணக்கு; எனக்கு இப்போது கணக்கு வைக்கும் வேலை மிச்சம்.

வரிசைகளை இணைக்கும்போது, ஒற்றைப்படை வரிசைகளின் தையல்மடிப்புகளை இடப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளின் மடிப்புகளை வலப்பக்கமும் சாய்த்து அழுத்திக்கொண்டால், இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று முட்டி, விரல்நுனிக்கே பொருந்தியது தெரியும். ஊக்கு குத்தாமலே மூலைகள் கூடும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும்.

அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, அதாவது 62-க்கு 71 அங்குலம் வேண்டும். பைகளில் வந்த இரண்டு படுக்கை விரிப்புகளின் தேயாத ஓரப்பகுதிகளை இணைத்து அதைச் செய்தேன். படுக்கை விரிப்பின் நடுப்பகுதிதான் முதலில் தேயும். இவ்வளவு பெரிய துணியை விரிக்க என் வீட்டில் இடமில்லை, பொது நடைகூடம்தான் வழி. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து, தரையைத் துடைத்து, அடித்துணியின் நல்லபக்கம் தரையைப் பார்க்குமாறு விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டினேன். சுருக்கமில்லாமல் இருக்கவேண்டும், விறைப்பாக இழுக்கக்கூடாது. இழுத்து ஒட்டினால் நாடாவை எடுத்தபின் அடித்துணி சுருங்கிக்கொண்டு மேல்துணியில் மடிப்பு விழும். அதன்மேல் பருத்திப் பஞ்சு விரிப்பு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி, ஒரு கையகலத்துக்கு ஓர் ஊக்கு. இதற்கிடையே மூன்றாம் வீட்டுப் பூனை நடுவில் வந்து படுத்துக்கொண்டது. வீட்டுக்காரர், 'அதற்கு உங்கள் வேலை பிடித்திருக்கிறது' என்று சொல்லிச் சிரித்தாரே தவிர, தூக்கிக்கொண்டு போகவில்லை. பூனை படுத்த பகுதியைச் சுற்றி ஊக்கு குத்திவிட்டு, அது எழுந்துபோன பிறகு அந்த இடத்தை முடித்தேன். முடியை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்தேன்.

பகலில் சதுரங்களின் தையல்தடங்களை ஒட்டி இயந்திரத்தில் வாக்கிங் ஃபூட் என்ற, மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் அழுத்துபாதத்தைப் போட்டு ஓட்டினேன். மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் நகர்வதற்கு அது இல்லாமல் முடியாது. இரவில் சதுரங்களுக்கு உள்ளே கைத்தையல் போட்டேன். குயில்ட் தையலுக்கென்றே வரும் குட்டை ஊசியில் 10-ஆம் எண், வட்டச்சட்டம், நடுவிரலில் ஓர் உலோக உறை. தொடங்கும்போது நூல் நுனியில் சிறு முடிச்சிட்டு, ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியைச் செலுத்திப் பஞ்சு வழியாகக் கொண்டுவந்து, நூலை வெடுக்கென்று இழுத்தால், முடிச்சு துணியைத் தாண்டி உள்ளே போய்ப் பஞ்சில் சிக்கி நிற்கும். இரு பக்கமும் முடிச்சு தெரியாது. உறையால் ஊசியின் பின்புறத்தைத் தள்ளி, கீழே இருக்கும் கையின் விரல்நுனியில் ஊசிமுனை படுவதை உணர்ந்து மேலே திருப்பி, மூன்று நான்கு தையல்களை ஊசியில் கோத்துக்கொண்டபின் இழுக்கவேண்டும். சட்டைத்துணியில் இது வழுக்கிக்கொண்டு போனது; நெருக்கமாக நெய்த படுக்கை விரிப்பு அடித்துணியாக இருந்ததால் ஊசி கீழே வெளிவரச் சற்று வலிமை வேண்டியிருந்தது. அடுத்த முறை தளர்வான நெசவைத் தேடுவேன்.

ஓரம் கட்ட 234 அங்குலச் சுற்றளவோடு மடிப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் சேர்த்து, 2½ அங்குலப் பட்டைகளாகச் சட்டைகளின் முன்பாகங்களிலிருந்தே வெட்டினேன். நேராக இணைத்தால் இணைப்பு ஒரே இடத்தில் தடிக்கும் என்பதால் சாய்வாக இணைத்து, இரண்டாக மடித்து இஸ்திரி போட்டுத் தைத்தேன். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே தையலை நிறுத்தி, பட்டையை நேர்மேலே மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு கீழே மடித்துத் தொடரவேண்டும். பின்பக்கம் திருப்பும்போது மூலை தானாகவே கூராக விழுந்துவிடும். பின்பக்கத்தை முழுவதும் கையால் தைத்தேன்.

முதல் துவைப்புக்குப் பின் பஞ்சும் துணியும் சுருங்கி, விரிப்பு ஏறக்குறைய 52-க்கு 61 அங்குலமாக நிற்கிறது, தையல்களுக்கிடையே அளவான நெளிவுகளோடு. மிளகாய்ச்சிவப்பு எங்கும் கசியவில்லை. ஒதுக்கிய பாலியெஸ்டர் துணிகளைக் கைப்பைகளுக்கு உள்துணியாகப் பயன்படுத்தப் போகிறேன். பனியன் துணிகளைப் பட்டைகளாக வெட்டி இயந்திரம் துடைக்க வைத்திருக்கிறேன். இடைநிறச் சதுரங்கள் மட்டும் நிறைய மிஞ்சிவிட்டன. எவர் வீட்டுப் பையிலும் அடர்நிறப் பருத்திதான் அரிது.